அத்தான் லென்ஸின் சுவிட்ச்

அத்தான் என்னிடம் கடைசியாகக் கேட்டது, கடைக் கண்ணாடியைத் துடைத்தாயா என்பதுதான். துடைத்திருந்தேன். சற்று நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். டாக்டர் இதயம் என்றார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அக்காவின் கணவர் என்பதற்காகச் சொல்லவில்லை, நல்ல புகைப்படக்காரர். கடையின் முன்பக்கம் லென்ஸ் விற்பது நான். உள்ளே ஸ்டூடியோவில் படம் எடுப்பது அவர். ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்கு ஒத்துப்போகாது. கை ஆட்டத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷன் உள்ள லென்ஸாகப் பார்த்து வாங்க வேண்டும் என்பேன் நான்.

"அது கை நடுங்குறவனுக்கு, மாப்ள. நமக்கெதுக்கு?" என்பார்.

அவர் கை நடுங்கத் தொடங்கியதை முதலில் கவனித்தது அக்கா. "அவர்கிட்ட சொல்லிடாதடா, உடைஞ்சு போயிடுவார்," என்றாள். அதனால் அவருடைய புது லென்ஸை நானே தேர்ந்தெடுத்தேன். ஸ்டெபிலைசேஷன் உள்ளது. சுவிட்சைப் போட்டு, மேலே கறுப்பு டேப் ஒட்டி, தூசி போகாமலிருக்க என்று சொல்லிவைத்தேன்.

"உள்ள என்னமோ முனகுதே?"

"புதுசில்ல, அத்தான். பழகிடும்."

படங்கள் பளிச்சென்று வந்தன. அதோடு விட்டிருக்கலாம், அவர்தான் விடவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் கையை நீட்டிக் காட்டினார். "என் மச்சினனுக்கு லென்ஸுக்கே ஊன்றுகோல் வேணும். எனக்குப் பாருங்க, வெறுங்கை." பேச்சு மும்முரத்தில், நீட்டிய கை ஆடுவதை அவர் பார்க்க மாட்டார்.

எனக்குக் கோபமில்லை. வாடிக்கையாளர்களுக்குத் தவறான தகவல் போகிறதே என்ற கவலைதான்.

தன் மகள் கல்யாணத்தைத் தானே எடுப்பதாகச் சொன்னார். மங்கலான மண்டபம், ஃபிளாஷ் கூடாது, முக்காலி கூடாது, வேறு யாரும் எடுக்கவும் கூடாது. போனைத் தூக்கியவர்களை அவரே விரட்டினார். அவர் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் டேப்பை உரித்து, சுவிட்சை அணைத்து, திரும்ப ஒட்டினேன். ஓரங்களை நன்றாகத் தேய்த்துவிட்டேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

மோதிரம் மாற்றும்போது அவர் கேமராவை இறக்கி என்னைப் பார்த்தார். "மாப்ள, மண்டபம் ஆடுதா?"

"இல்லையே, அத்தான்."

மறுநாள் கம்ப்யூட்டரில் பார்த்தோம். மணமகனுக்கு நாலு காது. அக்கா மகள் பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "பரவாயில்லப்பா," என்றாள். அத்தான் ஒரு கையை மடியில் வைத்து, இன்னொரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். இரண்டும் சேர்ந்து ஆடின. அதன்பிறகு அவர் கேமராவைத் தொடவில்லை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அவர் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்வது என் வழக்கமில்லை.

அந்தக் கல்யாணத்தில் தெளிவாக விழுந்தது ஒரே படம், அதுவும் அவருக்குத் தெரியாமல் என் ஸ்டெபிலைசேஷன் லென்ஸில் நான் எடுத்தது. கேமராவை இறக்கி என்னைப் பார்க்கும் அத்தான். அதைத்தான் பெரிதாக்கிக் கடையில் மாட்டியிருக்கிறோம். முகம், சட்டைப் பொத்தான், பின்னாலிருக்கும் பூ வரை துல்லியம். கைகள் மட்டும் கலங்கியிருக்கின்றன. லென்ஸ் வாங்க வருகிறவர்கள் காரணம் கேட்பார்கள். ஸ்டெபிலைசேஷன் எடுக்கிறவர் கையைத்தான் நிறுத்தும், எடுக்கப்படுகிறவர் கையை நிறுத்தாது என்று விளக்குவேன். படத்தைப் பார்த்ததும் எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. இருந்திருந்தால் அத்தானும் ஒப்புக்கொண்டிருப்பார்.