மகாராணி தோல் உரித்த நாள்

சிலந்தி வளர்ப்பது பெரிய வேலை இல்லை, டாக்டர். வாரத்துக்கு இரண்டு பூச்சி, ஒரு மூடியில் தண்ணீர். மனிதர்களைப் பார்த்துக்கொள்வதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

வேலை போனபின் நாலு வருஷம் என் தம்பி கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தான். பகலெல்லாம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் துணியோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து அவனுக்குச் சோறு ஊட்டினேன். பிறகு எங்கிருந்தோ உள்ளங்கை அகலத்தில் அந்த மயிர்ச்சிலந்தியைக் கொண்டுவந்தான். மகாராணி என்று பேர் வைத்தான். அதற்குப் பூச்சி வாங்கப் போய்வந்த வளர்ப்புப் பிராணிக் கடையிலேயே வேலையும் கிடைத்தது. தானாகக் குளித்தான், தானாகச் சாப்பிட்டான்.

ஒருநாள் சொன்னான்: “பக்கத்து ஊர்ல புதுக் கடை தொறக்கறாங்கக்கா. என்னைப் பாத்துக்கச் சொல்றாங்க. அங்கயே ரூம் எடுத்துக்கறேன். நீ இனிமேலாவது ஓய்வா இரு.”

நல்லதுடா என்றேன். அன்று சாயங்காலம் ஒரே ஒரு தட்டைக் கழுவி வைத்துப் பார்த்தேன். அதற்குமேல் கைக்கு வேலை இல்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

அந்த வாரம் மகாராணி மல்லாந்து கிடந்தது. “பயப்படாத, தோல் உரிக்கிறா. உடம்பு வெண்ணெய் மாதிரி இருக்கும், தொட்டுடாத” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனான். நான் மூடியைத் திறந்து, கரண்டிக் காம்பால் அதன் வயிற்றை லேசாக அழுத்தினேன். சட்டைக் காலரை நீவுகிற அளவுகூட அழுத்தவில்லை. கசிந்ததைப் பஞ்சால் ஒற்றியெடுத்து, கரண்டியைக் கழுவிவைத்தேன்.

ஏன் செத்தது என்று மூன்று நாள் பெட்டியின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தான். “காலைல தண்ணி மாத்தும்போது பெட்டி ஆடிடுச்சுக்கா. அதனாலதான் இருக்குமோ?”

“இருக்கும்டா” என்றேன்.

இல்லை என்றும் சொல்லியிருக்கலாம்.

“ஒரு பூச்சியக்கூட என்னால உயிரோட வெச்சுக்க முடியல” என்றவன், புதுக் கடைக்கு வரவில்லையெனச் சொல்லிவிட்டான். கதவு மறுபடி சாத்திக்கொண்டது. நான் மறுபடி ஊட்டுகிறேன். இடுப்பு விட்டுப்போகிறது, டாக்டர். ஆனால் யாரிடமும் முறையிட்டதில்லை.

அவனுக்கு நீங்கள் கொடுத்த மாத்திரை ஏன் வேலை செய்யவில்லை என்றீர்கள். வேலை செய்ததே. போன மாதம் தானே முகம் மழித்துக்கொண்டு, அந்தக் கடையின் நம்பர் இருக்கிறதா என்று கேட்டான். அதிலிருந்து பாதி மாத்திரைதான் கொடுக்கிறேன். வெளியே போய் இன்னொரு முறை மனசு உடைந்தால் தாங்கமாட்டான். என்னை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?