மாஜிஸ்திரேட்டுக்கு ஒரு வீடியோ

— கட், கட்! என்னாக்கா இது, பட்டுச்சேலை, தல நெறைய மல்லிப்பூ! நான் கல்யாண வீடியோ எடுக்கறவன்தான். ஆனா இன்னிக்கு எடுக்கறது கல்யாணம் இல்ல லா.

— கோர்ட்ல போடப் போற படம்னு சொன்னியே லோகேசு. பெரிய மனுசங்க பாக்கறப்ப நைட்டியோடயா வந்து உக்காருவேன்?

— லோயர் என்னா சொன்னாங்க? வியாழக்கிழம வீரமுத்து அண்ணனுக்குத் தண்டன சொல்லப் போறாங்க. அதுக்கு முன்னால மாஜிஸ்திரேட் இந்த அஞ்சு நிமிசத்தப் பாத்து, 'சரி, இவரும் ஒரு வீட்டு மனுசன்தான்'னு நெனைக்கணும். அப்பதான் போடுவாங்கன்னு சொல்ற ரெண்டு வருசம் கொஞ்சமாச்சும் கொறையும்.

— ரெண்டு வருசமா! அன்னாசிப் பழத்துக்கா?

— மூணு லோரி அன்னாசி திருடியிருக்காருக்கா! அதுவும் வேல குடுத்த மொதலாளி தோட்டத்துலேர்ந்து. சரி, ஓடுது. அண்ணன் எப்படிப்பட்டவருன்னு சொல்லுங்க.

— வணக்கம் துவான். என் பேரு செல்லம், பெக்கான் நானாஸ்தான் ஊரு. எங்க வீட்டுக்காரரு சோம்பேறி கெடையாது துவான். ஊரே தூங்குனாலும் அவரு தூங்க மாட்டாரு. லோரிய எடுத்துக்கிட்டு...

— அலமாக்! கட்!

— இப்ப என்னா? உழைப்பாளின்னுதானே சொன்னேன்.

— என்னா உழைப்புன்னு அவங்களுக்கே தெரியும் லா! வேற சொல்லுங்க. கைத்தெறம ஏதாச்சும்.

— தெறமையா? கேட்டுக்க. எப்பேர்ப்பட்ட பூட்டா இருந்தாலும் ஒரே ஒரு கம்பிய வச்சு...

— அக்கா!

— எதுத்த வீட்டு நிர்மலாதேவி சாவியத் தொலச்சுட்டு அழுதுச்சேப்பா! தொறந்து விட்டது யாரு? ஒத்த வெள்ளி காசு வாங்கல.

— பூட்டுப் பேச்சே வேணாம். தான தர்மம்?

— அதுல அவர அடிச்சுக்க ஆளே இல்ல. கோயில் திருவிழாவுக்குப் பச்சடி பண்ண முந்நூறு அன்னாசி குடுத்தாரு துவான்!

— ஐயோ சாமி, அது யாரோட அன்னாசி?

— ...ஆமால்ல. அத அழிச்சுடு லோகேசு. பூசாரியையும் புடிச்சுக்கிட்டுப் போயிரப் போறாங்க.

— இப்படியே போனா ரெண்டு வருசம் நாலாயிடும்க்கா. புகழவே வேணாம். அவரு உள்ள போயி ரெண்டு மாசம் ஆச்சே, நீங்க எப்படி இருக்கீங்க? அத சொல்லுங்க.

— எப்படி இருப்பேன்? பழக்க தோசத்துல ரெண்டு பேருக்கு வடிச்சுட்டு, மறுநாளும் அதையே திங்கறேன். அந்தக் கொறட்ட சத்தம் இல்லாம தூக்கமே வர மாட்டேங்குது.

— இதான்க்கா! இத சொன்னா போதும்.

— அவரும் இந்தப் படத்தப் பாப்பாரா?

— கூண்டுல நின்னு பாப்பாரு.

— அப்ப இதுலயே சொல்லிடறேன். நாலு வாட்டி ஜெயிலுக்குப் போயிப் பாத்தேன். அந்த மூஞ்சப் பாத்ததும் வாயே வரல.

— என்னாத்த சொல்லணும்?

— கேமரா ஓடுதா?

— ஓடுது.

— துவான், லைட்ட அணைச்சுட்டு அந்தத் தோட்டத்து மண்ணு ரோட்டுல, கால்வா ஓரமா லோரி ஓட்டிக்கிட்டு வருவாரு. முழுசா வருவாரா, பொணமா வருவாரான்னு வாசல்லயே நிப்பேன். சொல்லிப் பாத்தேன், அழுது பாத்தேன், கேக்கல. மூணாவது தடவ போலீசுக்கு போன் போட்டது நான்தான்... உசுரோட இருக்கட்டும்னுதான் உங்க கையில புடிச்சுக் குடுத்தேன் துவான், சீக்கிரமா எங்கிட்டயே திருப்பிக் குடுத்துடுங்க.