ஸ்கிரீன் பாதி, சர்வர் பாதி

இல்ல சிஸ்டர், எனக்கு எந்த ஊசியும் ஒத்துக்காம போனதில்ல. மூணாவது வாட்டி கேக்குறீங்க. கேளுங்க, தப்பில்ல. வெளிய யாரும் காத்துக்கிட்டு இல்லேல்ல? அப்ப அந்த ஊசிய செத்த நேரம் ஓரமா வைங்க. ஒண்ணு பேசணும், ஏஞ்சலின் சிஸ்டர்.

ஆமா, ராயப்பராஜ்தான். திண்டுக்கல் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் ரூம்ல கெடந்தவன். தல நரச்சுப்போச்சு, அதான் உங்களுக்கு அடையாளம் தெரியல. நாலு வருசமாச்சுல்ல. நீங்க சித்தையன்கோட்டையில இந்த கிளினிக்ல இருக்கீங்கன்னு உங்க தங்கச்சி ரூபிதான் சொல்லுச்சு. ஞாயித்துக்கெழம கோயில்ல பாத்தேன்.

அந்தக் கருப்பு ஸ்கிரீனு ஞாபகம் இருக்கா? பச்ச எழுத்து. தொண்ணூத்தி நாலுல நான் எழுதுன புரோகிராம். நோயாளி நம்பரையும் மருந்தையும் அடிச்சா, என் ரூம்ல இருந்த பெரிய கம்ப்யூட்டரு, அதான் சர்வர், பழைய ரெக்கார்டப் பாக்கும். ஆகாத மருந்துன்னா நிப்பாட்டி மெசேஜ் போடும். ஒண்ணும் போடலன்னா ஊசிய எடுப்பீங்க. ஒம்பது வருசம் நர்ஸுங்க அம்புட்டுப் பேரும் அப்பிடியே பழகிட்டீங்க.

பெறகு கலர் ஸ்கிரீன் வந்துச்சு. மெட்ராஸ்லருந்து பரணின்னு ஒருத்தரக் கூட்டியாந்தாங்க. ஜாவா ஸ்கிரிப்ட்டுன்னு புதுசா ஒண்ணுல எழுதுனாரு. அவரும் மருந்துச் சோதனைய வச்சாரு. முன்னாடி ஸ்கிரீன் ஒரு தடவ நிப்பாட்டும், பின்னாடி என் சர்வர் ஒரு தடவ நிப்பாட்டும். எதுக்கு ரெண்டு தடவன்னு நீங்கள்லாம் சடச்சுக்கிட்டீங்க. மீட்டிங் போட்டு, எந்த வேல ஸ்கிரீனுக்கு, எந்த வேல சர்வருக்குன்னு பிரிச்சாங்க, அண்ணந்தம்பி வயக்காட்டப் பிரிக்கிற மாதிரி. கேள்வி கேக்குறதெல்லாம் ஸ்கிரீனு, வாங்கி எழுதி வைக்கிறது மட்டும் சர்வருன்னாரு பரணி. பெரிய டாக்டரும் தலையாட்டுனாரு.

எனக்கு ரோஷம் சிஸ்டர். ஒம்பது வருசம் ஒழச்ச புரோகிராம குமாஸ்தா வேலைக்கு எறக்கிட்டாங்களேன்னு. சரி, எல்லாத்தையும் நீங்களே பாத்துக்கங்கன்னு எந்திரிச்சு வந்துட்டேன்.

எல்லா வார்டுக்கும் புது மிஷின் வந்துச்சு, எமர்ஜென்சிக்கு மட்டும் வரல. உங்களுக்குப் பழைய கருப்பு ஸ்கிரீன்தான். அது நேரா சர்வர்கிட்டப் பேசுறது, பரணி எழுதுனது எதுவும் அதுல கெடையாது.

அழாதீங்க. அந்த மத்தியானத்த நான் மறுபடி கெளறணும்னு வரல. சின்னாளபட்டி சிவனம்மாள காய்ச்சலோட மூச்சு எளைக்குதுன்னு ஆட்டோவுல கொண்டாந்தாங்க. டாக்டர் பென்சிலின்னு எழுதுனாரு, நீங்க மிஷின்ல அடிச்சீங்க, போட்டீங்க. அந்தம்மாவுக்கு அது ஆகாதுன்னு ரெண்டு வருசத்துக்கு முந்தியே ரெக்கார்டுல ஏத்தியிருந்துச்சு. மெசேஜ் வந்திருக்கு, ஏஞ்சலின் சிஸ்டர்தான் அவசரத்துல பாக்காம தட்டி விட்டுட்டாங்கன்னு விசாரணையில எழுதுனாங்க. ஆமான்னு நீங்களும் கையெழுத்துப் போட்டீங்க. வேலையும் போச்சு.

இப்பவும் கனவுல அந்த மெசேஜ் வருதாமே உங்களுக்கு? பச்ச எழுத்துல வந்துச்சு, நாந்தான் தட்டி விட்டேன், நாந்தான் கொன்னேன்னு எந்திரிச்சு உக்காந்துக்கிறீங்களாம். ரூபி சொன்னதுலருந்து எனக்குச் சோறு எறங்கல.

வரல சிஸ்டர். அன்னைக்கு உங்க ஸ்கிரீன்ல ஒண்ணும் வரல. மீட்டிங் முடிஞ்ச சாயந்தரமே சர்வர்ல இருந்த என் மருந்துச் சோதனைய அழிச்சுட்டேன். நாலே வரி. எமர்ஜென்சியில பழைய மிஷின் கெடக்குன்னு தெரியும். புதுசு வர்ற வரைக்கும் பரணியே என்னமும் பண்ணட்டும்னு விட்டுட்டேன்.

அந்தம்மா செத்த மறுநா காலையில நாலு வரியவும் திரும்ப ஏத்தி வச்சுட்டுத்தான் விசாரணைக்காரங்களக் கூப்புட்டேன். அவங்க முன்னாடி அதே நம்பரு, அதே மருந்து அடிச்சுக் காமிச்சேன். நீங்க எம்பக்கத்துலதான் நின்னீங்க. டக்குன்னு மெசேஜ் வந்துச்சு. அதப் பாத்துத்தான் நீங்க கையெழுத்துப் போட்டீங்க.