பதினான்காம் தேதி நாங்கள் அந்தக் கடைக்குச் செல்லவில்லை

என் பெயரையும் வீட்டு முகவரியையும் தனித்தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் தங்களிடம் கொடுத்திருக்கிறேன். இந்த வாக்குமூலத்தின் நகல் ஒன்று புகார் கொடுத்த கடைக்கும் போகும் என்று தாங்கள் சொன்னதால், அவற்றை இந்தத் தாளில் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன், தாங்களும் ஒப்புக்கொண்டீர்கள். எங்களைப் பற்றி அந்தக் கடையிடம் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறது. என் வயது எழுபத்தாறு ஆண்டு, ஏழு மாதம், பதினெட்டு நாள். முதலில் எழுபத்தேழு என்று எழுதப்பட்டது; என் வேண்டுகோளின்படி அடித்துத் திருத்தப்பட்டது. தராசுகளையும் அளவைகளையும் சோதித்து முத்திரையிடும் துறையில் முப்பத்தோராண்டு ஆய்வாளராக இருந்து, 31.8.2004 செவ்வாய்க்கிழமை பிற்பகல் ஓய்வு பெற்றேன். அன்றாடம் நாட்குறிப்பு எழுதும் வழக்கம் உள்ளவன். கீழே கூறும் தேதிகள் அனைத்தும் அந்த நாட்குறிப்பைப் பார்த்துக் கூறுபவை. ஞாபகத்திலிருந்து கூறுபவை அல்ல.

என் மனைவிக்கு வயது எழுபத்தொன்று. தொலைபேசி நிலையத்தில் இணைப்பாளராக வேலை பார்த்தவர். 2.11.2020 முதல் சக்கர நாற்காலியில் இருக்கிறார். நாற்காலியின் அகலம் சக்கர விளிம்புகளையும் சேர்த்து அறுபத்துநான்கு சென்டிமீட்டர். மேற்படி கடை எங்கள் தெருமுனையில் உள்ள பெரிய பல்பொருள் அங்காடி. அரிசி முதல் மருந்துக் கருவிகள் வரை எல்லாம் அங்கே கிடைக்கும்.

4.1.2023 புதன்கிழமை அந்தக் கடையின் முன்வாசலில் இரும்புத் தூண்கள் ஐந்து நடப்பட்டன. மறுநாள் காலை என் சொந்த அளவு நாடாவால் அளந்ததில், தூணுக்கும் தூணுக்கும் இடையே ஐம்பத்தாறு சென்டிமீட்டர் இருந்தது. கேட்டதற்கு, சென்ற ஆண்டில் பத்தொன்பது தள்ளுவண்டிகள் காணாமல் போனதாகவும், அவற்றை வெளியே உருட்டிச் செல்லாமல் தடுக்கவே தூண்கள் என்றும் கடை மேலாளர் கூறினார். அது நியாயமான கவலைதான். திருட்டைத் தடுக்க வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் தள்ளுவண்டி நுழையாத இடத்தில் என் மனைவியும் நுழைய முடியாது. இதற்காக 6.1.2023, 30.1.2023, 20.2.2023 ஆகிய தேதிகளில் மூன்று கடிதங்கள் கொடுத்தேன். பதில் வரவில்லை. அதன் பிறகு நாங்கள் சரக்கு இறக்கும் பின்வாசல் வழியாகப் போய்வந்தோம்.

13.3.2023 திங்கட்கிழமை காலை 10.50 மணிக்கு நானும் என் மனைவியும் கடைக்குச் சென்று, சோப்பு, பருப்பு, தேயிலை ஆகியவற்றை வாங்கிப் பணம் செலுத்திய பிறகு, 11.20 மணிக்குப் பின்வாசலுக்கு வந்தபோது, சாய்தளத்தை அடைத்துக்கொண்டு முட்டை வண்டி நின்று தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தது. பதினான்கு நிமிடம் அங்கேயே காத்திருந்தோம். என் மனைவி முட்டை வண்டி ஓட்டுநரிடம், "இந்த வாசல்ல முட்டையும் நானும்தான் வந்து போறோம். முட்டைக்காவது 'கவனமாகக் கையாளவும்'னு எழுதி ஒட்டியிருக்கு" என்றார். ஓட்டுநர் சிரித்தார்.

அப்போது காவலாளி வந்து, நாற்காலியின் அடியில் தொங்கிய நீல நிறப் பையைத் திறந்து காட்டச் சொன்னார். என் மனைவி, "வாங்கினதெல்லாம் மடியில இருக்கு தம்பி, பில் இவர் கையில இருக்கு. கீழ இருக்கிற பை என்னோடது. அத மட்டும் திறக்க மாட்டேன்" என்றார். அவர், "ரூல்ஸ்ம்மா" என்றார். "முன்வாசல்ல போறவங்களுக்கு இந்த ரூல்ஸ் உண்டா?" என்று என் மனைவி கேட்டதற்கு, "அங்க மெஷின் இருக்குங்க, அதுவே பார்த்துக்கும். இங்க நான்தான் மெஷின்" என்றார். அதற்குள் முட்டை வண்டி நகர்ந்துவிட்டது. நாங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

நீலப் பையில் இருப்பது மருத்துவர் கொடுத்த ஒன்று. அது என்ன என்பது மருத்துவருக்கும் என் மனைவிக்கும் எனக்கும் தெரியும். நான்காவதாக ஓர் ஆள் தேவையில்லை.

14.3.2023 செவ்வாய்க்கிழமை காலை 9.00 மணி முதல் பிற்பகல் 1.30 மணி வரை நாங்கள் இருவரும் மருத்துவமனையில் இருந்தோம். அன்று கடைக்குச் செல்லவில்லை.

16.3.2023 வியாழக்கிழமை மாலை 5.10 மணிக்கு, எங்கள் கட்டடத்தின் லிப்டைப் பழுதுபார்க்க வந்தவர் வாசலில் நின்று தயங்கிவிட்டு, "சார், கோவிச்சுக்காதீங்க. அம்மா படத்தக் கடை வாசல்ல ஒட்டியிருக்காங்க" என்றார். உடனே போய்ப் பார்த்தேன். 'இவர்களைக் கண்டால் காவலாளியிடம் தெரிவிக்கவும்' என்ற தலைப்பின் கீழ் மூன்று படங்கள் இருந்தன. நடுவில் இருந்தது என் மனைவி.

மறுநாள் 17.3.2023 வெள்ளிக்கிழமை மாலை 6.30 மணிக்குப் பில்லை எடுத்துக்கொண்டு மேலாளரைச் சந்தித்தேன். சர்க்கரை அளவு பார்க்கும் கருவிகள் நான்கு, திங்கட்கிழமை இரவு இருப்பு எடுத்தபோது தட்டில் இருந்ததாகவும், செவ்வாய்க்கிழமை இரவு எடுத்தபோது இல்லை என்றும், அதற்காகக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருப்பதாகவும் அவர் கூறினார். பதினான்காம் தேதி என்று குறித்த கேமரா பதிவில் என் மனைவி பின்வாசலில் நிற்பதாகவும், பையைத் திறக்க மறுத்ததைக் காவலாளியே சொல்லிவிட்டதாகவும் கூறினார். நாங்கள் வந்தது பதின்மூன்றாம் தேதி என்று பில்லைக் காட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லது சார். பதிமூணுக்குப் பில் இருக்கு. பதினாலுக்கு வீடியோ இருக்கு, பில் இல்ல. அப்ப பதினாலாம் தேதி பில் போடாமலே போயிருக்கீங்க" என்றார். எழுபத்தாறு ஆண்டுகளாக நான் பத்திரப்படுத்திய தாள்களில் என்னைக் கவிழ்த்தது அந்த ஒன்றுதான்.

பதிவைக் காட்டும்படி கேட்டேன். "மத்த கஸ்டமருங்களோட பிரைவசி இருக்கு சார். கண்டவங்களுக்கும் காட்ட முடியாது" என்றார். அவர் இதைச் சொல்லும்போது, கண்ணாடிக் கதவுக்கு அப்பால், போவோர் வருவோர் எல்லாரும் பார்க்கும்படி என் மனைவியின் படம் இருந்தது. பிறகு அவரே, "வீடியோ பொய் சொல்லாது" என்றார். என் தராசு பொய் சொல்லாது என்று சொன்ன வணிகர்கள் பலரை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். தராசு பொய் சொல்வதில்லைதான். அதைச் சரிசெய்து வைத்தவர் எதை வைத்துச் சரிசெய்தார் என்பதே கேள்வி.

வெளியே வரும்போது மணி 7.02. பில் போடும் பெண் வேலை முடிந்து கிளம்புமுன், சுவரில் இருந்த நாள்காட்டியில் பதினேழாம் தேதித் தாளைக் கிழித்தார். என்னால் பொறுக்க முடியவில்லை. பதினேழாம் தேதி இன்னும் ஐந்து மணி நேரம் பாக்கி இருக்கிறது என்று சொன்னேன். "காலைல வந்தா கூட்டம் தாத்தா, மறந்துடும். அதான் தினமும் போறப்பவே கிழிச்சிடுவேன்" என்றார். இதையும் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து மருத்துவமனைச் சீட்டைத் தேடி எடுத்தேன். அதில் தேதியும் நேரமும் முத்திரையும் இருந்தன. காட்டினால் அன்றே முடிந்துவிடும். ஆனால் எந்தப் பிரிவு என்பதும் அதில் கொட்டை எழுத்தில் இருந்தது. என் மனைவி சீட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "ஏங்க, திருடின்னு சொன்னாக்கூட நாலு மாசத்துல மறந்துடுவாங்க. இதக் காட்டினா, என்னைப் பார்க்கிறப்பெல்லாம் இதத்தான் பார்ப்பாங்க. வேற வழி இருந்தா பாருங்க, இல்லன்னா விட்டுடுங்க" என்றார். அதன் பிறகு தெருப்பக்கச் சன்னலுக்கு முதுகைக் காட்டி நாற்காலியைத் திருப்பி வைத்துக்கொண்டார். மூன்று நாள் அப்படியே இருந்தார். ஆகவே சீட்டும் பையும் இல்லாமல் நிரூபிக்க வேண்டியதாயிற்று.

18.3.2023 சனிக்கிழமை காலை 10.15 மணிக்குக் காவல் நிலையத்தில் தங்களிடம் மனு கொடுத்தேன். அதில் என் துறையில் சந்தேகமான எந்தத் தராசுக்கும் கேட்கும் மூன்று கேள்விகளைக் கேமராவின் கடிகாரத்துக்குக் கேட்டிருந்தேன்: யார் சரிசெய்தது, எப்போது, எதை வைத்து. மேலும், மற்ற வாடிக்கையாளர் முகம் எதையும் நான் பார்க்க வேண்டியதில்லை. பின்வாசல் கேமராவில் என் மனைவியின் அருகே முட்டை வண்டி நிற்கிறதா என்பதை மட்டும் தாங்கள் பார்த்துச் சொன்னால் போதும் என்றும் எழுதியிருந்தேன்.

20.3.2023 திங்கட்கிழமை காலை 10.45 மணிக்கு மேலாளர் அறையில் தாங்கள், மேலாளர், காவலாளி, நான் ஆகிய நால்வர் கூடினோம். நான் திரைக்குப் பின்பக்கமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். தாங்கள் பதிவைப் பார்த்து, முட்டை வண்டி நிற்கிறது என்று கூறினீர்கள். சரக்கு வரவுப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னேன். அதில் முட்டை வந்ததாக 13ஆம் தேதியும் 16ஆம் தேதியும் கையெழுத்து இருந்தது. 14ஆம் தேதி இல்லை. "எழுத விட்டுப்போயிருக்கும்" என்று மேலாளர் கூறிக்கொண்டிருக்கும்போதே, 11.08 மணிக்கு, பின்வாசலில் முட்டை வண்டி வந்து நின்றது. அன்று திங்கட்கிழமை என்பதை அவர்தான் மறந்திருந்தார், நான் மறக்கவில்லை.

தாங்கள் அழைத்ததும் ஓட்டுநர் வந்தார். திங்களும் வியாழனும் தவிர இந்தப் பக்கமே வருவதில்லை என்று கூறினார். பிறகு திரையைப் பார்த்துவிட்டு, "முட்டைக்காவது எழுதி ஒட்டியிருக்குன்னு சொன்னாங்களே, அந்தம்மாவா? அவங்களையா திருடின்னீங்க? நல்லா பார்த்தீங்க போங்க!" என்றார்.

அதன் பிறகு தாங்கள் காவலாளியிடம் என் மூன்று கேள்விகளையும் கேட்டீர்கள். 11.3.2023 சனிக்கிழமை மாலை மின்தடையில் பதிவுப் பெட்டியின் கடிகாரம் நின்றுபோனதாகவும், ஏழரை மணிக்குத் தானே அதைச் சரிசெய்ததாகவும் கூறினார். எதை வைத்து என்றதற்கு, "சுவத்துல தொங்குற காலண்டரப் பார்த்துதான் சார் வெச்சேன். பன்னெண்டுன்னு இருந்துச்சு" என்றார். நான் நாட்குறிப்பில் பதினேழாம் தேதிப் பக்கத்தை எடுத்து, பில் போடும் பெண் சொன்னதை வாசித்துக் காட்டினேன். பதினோராம் தேதித் தாள் ஏழு மணிக்கே கிழிக்கப்பட்டிருந்தது. அந்த நிமிடம் முதல் கடையின் கேமராக்கள் எல்லாம் ஒரு நாள் முன்னே ஓடிக்கொண்டிருந்தன. பதினான்கு என்று அவர்கள் காட்டியது, நாங்கள் பில்லோடு வந்துபோன பதின்மூன்றாம் தேதி.

அப்படியானால் உண்மையான பதினான்காம் தேதியின் பதிவு பதினைந்து என்ற தேதியின் கீழ் இருக்க வேண்டும் என்று நான் கூறினேன். தாங்கள் மருந்துக் கருவித் தட்டின் கேமராவில் அதைத் தேடி எடுத்தீர்கள். பிற்பகல் 4.16 மணிக்குக் கழுத்துப்பட்டை (டை) அணிந்த ஒருவர் தட்டிலிருந்த நான்கு கருவிகளையும் மார்போடு அணைத்து எடுத்துச் செல்வதாகத் தாங்கள் உரக்கச் சொன்னீர்கள். மேலாளர் எழுந்து நின்றார். அந்த அறையில் கழுத்துப்பட்டை அணிந்தவர் அவர் ஒருவர்தான். விலை உயர்ந்த பொருள்களைப் பூட்டி வைக்கும்படி தலைமை அலுவலகம் சொன்னதால், தன் அறை அலமாரியில் வைத்துப் பூட்டியதாகவும், அதற்குள் தொலைபேசி வந்ததால் யாரிடமும் சொல்ல மறந்ததாகவும் கூறினார். அலமாரி என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. சாவி அவர் சட்டைப்பையில் இருந்தது. நான்கு கருவிகளும் இருந்தன. நான் எழுந்து அலமாரிக்கு வழிவிட்டேன்.

மேலாளர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். என் மனைவியிடம்தான் கேட்க வேண்டும் என்றும், படம் பதினாறு முதல் இருபது வரை ஐந்து நாள் இருந்ததால், மன்னிப்பும் அதே இடத்தில், அதே அளவில், முகமும் பெயரும் இல்லாமல் ஐந்து நாள் இருக்க வேண்டும் என்றும் கூறினேன். மற்ற இரண்டு படங்களில் இருப்பவர்கள் யார் என்று எனக்குத் தெரியாது. அவையும் அன்றே தங்கள் முன்னிலையில் எடுக்கப்பட்டன. 24.3.2023 வெள்ளிக்கிழமை முன்வாசலின் நடுத்தூண் பிடுங்கப்பட்டது. இடைவெளி இப்போது ஒரு மீட்டருக்கும் மேல். தள்ளுவண்டிகளில் ஆளுயரத்துக்கும் மேலே நீளும் கம்பி பொருத்தி, அது இடித்து நிற்கும்படி வாசலுக்கு மேலே குறுக்குச் சட்டம் போட்டிருக்கிறார்கள். இது என் 30.1.2023 கடிதத்தில் மூன்றாம் பத்தியில் உள்ள யோசனை.

25.3.2023 சனிக்கிழமை காலை 10.30 மணிக்கு என் மனைவி முன்வாசல் வழியாகக் கடைக்குள் சென்றார். நாற்காலியைத் தள்ள வேண்டாம் என்று என்னைத் தடுத்துவிட்டார். மேலாளர் வந்து நேரில் மன்னிப்புக் கேட்டார். அதன் பிறகு சுவரில் இருந்த மன்னிப்பு அறிவிப்பை என் மனைவி முழுவதும் வாசித்துவிட்டு, "படத்துல நான் எப்படித் தம்பி இருந்தேன்?" என்று காவலாளியிடம் கேட்டார். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "முகம் தெளிவா இல்லம்மா. நாற்காலிதான் தெளிவா இருந்துச்சு" என்றார். "அப்ப நாற்காலிகிட்டயும் ஒரு மன்னிப்புக் கேட்டுடு" என்றார் என் மனைவி. கடையே சிரித்தது. காவலாளி குனிந்து நாற்காலிக்கு ஒரு வணக்கம் போட்டார். நாங்கள் ஒரு தட்டு முட்டை வாங்கினோம். நீலப் பை மூடியபடி உள்ளே போய், மூடியபடி வெளியே வந்தது. இயந்திரம் ஒலிக்கவில்லை. யாரும் கேட்கவில்லை. நாள்காட்டியில் இருபத்தைந்து இருந்தது.

கோப்பை முடிக்கும் பொருட்டு, பையில் இருந்தது என்ன என்று தாங்கள் இன்று கேட்டீர்கள். சொல்ல மறுத்தேன். மறுத்ததையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டேன், எழுதப்பட்டது.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். பிறகு நானும் ஒருமுறை வாசித்தேன். இரண்டு தேதிகளைத் திருத்தி அருகில் சுருக்கொப்பமிட்டேன். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், நடந்ததை நடந்த நாளோடும் நேரத்தோடும் கூறியிருக்கிறேன். இதில் உண்மை அல்லாதது ஏதுமில்லை.

(கையொப்பம்)
27.3.2023, திங்கட்கிழமை, பகல் 12.25. நாளும் நேரமும் என் கையால் எழுதியவை.

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது. பையில் இருந்தது என்ன என்ற கேள்வி இக்கோப்புக்குத் தேவையற்றது எனக் கருதி நீக்கப்படுகிறது.
(கையொப்பம்) உதவி ஆய்வாளர்