வசந்தம் வரட்டும் என்று மறித்தவர்

பிள்ளைகளே, இன்று லண்டன் டூட்டிங்கில் ரயில் ஏறினேன். பக்கத்தில் இருந்தவர் போனில் குவைத்தின் காலநிலையைப் பார்த்துவிட்டு, "வசந்தம் என்னை ஏமாத்திப்போட்டுது, அண்ணை" என்றார் தன் சிநேகிதரிடம்.

"என்னடாப்பா?"

"தம்பி ஜனவரியிலயே குவைத்துக்கு வேலைக்கு வெளிக்கிட்டவன். தொய்வுக்காரன், குளிருக்கு மூச்சு இழுக்கும், வசந்தம் வரட்டும் எண்டு நான்தான் மறிச்சன். போன கிழமைதான் அங்க போய் இறங்கினவன்."

"பாலைவனத்திலயும் லண்டன் மாதிரிப் பூப்பூக்கும் எண்டு நினைச்சனியோ?"

"ஓம் அண்ணை. அங்க குளிர்காலம்தானாம் நல்லது. வசந்தத்திலதான் மண்புயலாம். இந்தக் கிழமை முழுக்க அடிக்குமாம்."

சிநேகிதர் கேலியை விட்டுவிட்டுக் கேட்டார். "தம்பி என்ன சொல்லுறான்?"

"'சுகமாய் இருக்கிறன், யோசியாதைங்கோ' எண்டுறான். அதைச் சொல்லி முடிக்க முன்னம் மூண்டு தரம் இருமுறான்."