ஈரமான கவுன்

மெட்ரோவில் எனக்கு எதிரே இரண்டு நர்ஸ்கள். பிரசவ விடுப்பு முடிந்து அன்றுதான் ஆபரேஷன் தியேட்டருக்குத் திரும்பியிருந்தாள் இளையவள். அவள் பேச ஆரம்பித்ததுமே என் காது அங்கே போய்விட்டது.

“சிசேரியன்ல குழந்தையை எடுத்ததும் வீல்னு அழுதுச்சா, எனக்குப் பால் சுரந்துடுச்சுக்கா. கவுன் முன்பக்கமெல்லாம் ஈரம்.”

“வேற கவுன் வேணும்னு உடனே சொன்னியே, அது போதும்.”

“ஏன் ஈரமாச்சுன்னு டாக்டர் கேட்டாரே. நீங்க, நான்தான் சலைனைச் சிந்திட்டேன்னு சொல்லி திட்டு வாங்கினீங்க. எதுக்குக்கா?”

மெட்ரோ அல்சூர் ஸ்டேஷனைத் தாண்டியதும் மூத்தவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“என் பையன் கைக்குழந்தையா இருந்தப்ப எனக்கும் இதே மாதிரி ஆச்சு. ஈரத்துணி வழியா கிருமி சுலபமா தாண்டிடும்னு தெரிஞ்சும், வெட்கப்பட்டுக்கிட்டு கடைசிவரைக்கும் அதே கவுனோட நின்னேன். அப்புறம், ஆபரேஷன் ஆன அந்தம்மா டிஸ்சார்ஜ் ஆகிறவரை தினமும் வார்டுக்குப் போய்த் தையலைப் பார்த்தேன், சீழ் பிடிச்சிருக்கான்னு.”

“பிடிச்சிருந்துச்சா?”

“இல்ல, நல்லபடியாத்தான் போனாங்க. போகும்போது, தினமும் வந்து பார்த்தது நீ ஒருத்திதாம்மான்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க.”