ஓக் பலகையைக் கழற்ற அனுமதி

ஓக் மரத்துக்குத் தேன்மெழுகைத் தவிர வேறெதையும் பூசக் கூடாது என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. கடையில் டப்பாவில் விற்கும் பாலிஷ் ஒரு மாதம் பளபளக்கும், பிறகு மரத்துக்கு மூச்சு முட்டும். என்னைக் கல்நெஞ்சக்காரி என்று தோட்டக்காரர் நோக்ஸ் உங்களிடம் சொல்லியிருப்பார், இன்ஸ்பெக்டர். மரத்தின் மூச்சைப் பற்றிக் கவலைப்படுகிறவளைப் போய் அப்படிச் சொல்லலாமா?

விதர்லி மாளிகையை முப்பத்தொரு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். முதலாம் எலிசபெத் ராணி காலத்து வீடு. பின்னாளில் சன்னலுக்கு வரி போட்டபோது செங்கல் வைத்து அடைத்த ஒன்பது சன்னல்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன. பெரிய கூடத்தின் நான்கு சுவர்களிலும் ஓக் பலகை, மடித்து வைத்த துணி போன்ற செதுக்கல். ராணியின் ஆட்கள் கத்தோலிக்கப் பாதிரிகளை வேட்டையாடிய நாட்களில், கணப்புக்குப் பக்கத்துப் பலகைக்குப் பின்னால் ஒருவர் மட்டும் உட்காரும்படி இந்த வீட்டார் ஒரு மறைவறை வைத்தார்கள். ஒளிந்திருப்பவருக்கு நாணல் குழல் வழியே கஞ்சி ஊட்ட, பலகையில் விரல் நுழையாத ஒரு துளையும் உண்டு.

வீட்டுக்குச் சொந்தக்காரரான பெரியவர் போன வசந்தத்தில் காலமானார். வீடு அவருடைய தங்கை மகன் க்ரிஸ்பினுக்கு வந்தது. டிசம்பரில் அளவு நாடாவும் கையுமாக வந்து நின்றார்.

"மிஸ் டிம்ஸ், இந்தப் பலகை மொத்தத்தையும் கழட்டி டெக்சாஸுக்கு அனுப்பப் போறேன். அங்க ஒருத்தர் தன்னோட மதுக்கடைச் சுவத்துல ஒட்டணும்னு துடிக்கிறாரு."

"இது பாதுகாக்கப்பட்ட வீடு, மிஸ்டர் க்ரிஸ்பின். ஒரு ஆணி அடிக்கணும்னாலும் மாவட்ட அலுவலகத்துல அனுமதி வாங்கணும்."

"அட, போங்க மிஸ் டிம்ஸ். முதல்ல கழட்டுவோம். அப்புறமா மன்னிப்புக் கேட்டுக்கலாம்."

எனக்குக் கோபம் வரவில்லை. நெஞ்சு வலித்தது, அவ்வளவுதான். அவர் மறைவறையையும் அளக்கக் குனிந்து உள்ளே போனார். ஈரக்காற்று பட்டால் பழைய மரம் உப்பிவிடும் என்று பலகைக் கதவைச் சாத்தினேன். பழக்கதோஷம்.

கொஞ்ச நேரத்தில் தட்டினார். "மிஸ் டிம்ஸ், கதவு மாட்டிக்கிச்சு."

"அப்படித்தான் தெரியுது. பலகையை அறுத்தாத்தான் உண்டு."

"அப்ப அறுங்க. யாரு வேணாம்னா?"

"அனுமதி இல்லாமலா, மிஸ்டர் க்ரிஸ்பின்?"

அன்று பிற்பகலே விண்ணப்பம் எழுதினேன், மூன்று பிரதி. நான் அலட்சியமாக இருந்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. 'அவசரம்' என்ற கட்டத்துக்கு அடியில் தீ, வெள்ளம், கூரைச் சரிவு என்று மூன்றுதான் அச்சிட்டிருந்தார்கள். க்ரிஸ்பின் இந்த மூன்றிலும் சேரவில்லை. ஆகவே 'இல்லை' என்று குறித்தேன். அதைத் தபாலில் போட்டுவிட்டு வருகிற வழியில், க்ரிஸ்பினின் சிவப்புக் காரை லாயத்துக்குள் தள்ளும்படி நோக்ஸிடம் சொன்னேன். முற்றத்தில் கார் நின்றால் பதினாறாம் நூற்றாண்டே கெட்டுப்போகிறது. வெளியூர்க்காரர், காரை விட்டுவிட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் ரயிலில் போய்விட்டார் என்று நான் சொன்னதும் நோக்ஸ் தலையாட்டிக்கொண்டே தள்ளினார்.

"உள்ள ஒரு மனுஷன் இருக்கான்னு எழுதினீங்களா?" என்று துளை வழியே கத்தினார் க்ரிஸ்பின்.

"காரணத்துக்கு ஒரே ஒரு வரிதான் இடம் விட்டிருக்காங்க. 'மறைவறையில் உள்ள பொருளை எடுக்க'ன்னு எழுதியிருக்கேன்."

அவர் சொன்ன வார்த்தைகளை இந்த வாக்குமூலத்தில் சேர்க்க வேண்டாம்.

அவரை நான் பட்டினி போடவில்லை. ஏரியில் நாணல் அறுத்து, துளையில் செருகி, மூன்று வேளையும் மாட்டிறைச்சிச் சாறும் தேநீரும் ஊற்றினேன். அந்தக் காலத்துப் பாதிரிகளுக்குத் தேநீர் ஏது? சர்க்கரை போதாது என்று இவர் குறை வேறு சொன்னார்.

வியாழக்கிழமைகளில் பார்வையாளர்கள் வருவார்கள். மறைவறைக் கதையை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது.

"ஐயோ, நிஜமாவே தட்டுதுங்க," என்றாள் லீட்ஸிலிருந்து வந்த ஒரு பெண்மணி, கணவர் கையைப் பிடித்துக்கொண்டு.

"பாதிரியாரோட ஆவி, மேடம். கூட்டத்தைக் கண்டா குஷியாயிடுவாரு."

உள்ளே இருந்து காப்பாற்றச் சொல்லி ஒரு குரலும் வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த வாரம் இரண்டு பேருந்து நிறைய ஆட்கள்.

பதினேழாம் நாள் நாணல் உடைந்துவிட்டது. ஏரியோ உறைந்து கிடந்தது. சமையலறையில் ஒரு பிளாஸ்டிக் குழாய் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் நானூறு வருடத்துத் துளைக்குள் பிளாஸ்டிக்கைச் செருக எனக்கு மனம் ஒப்பவில்லை. அதற்கடுத்த வியாழக்கிழமை சத்தமே இல்லை. வந்தவர்கள் முகம் வாடிப் போனது, எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது.

ஒன்பதாம் வாரம் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. அனுமதி மறுப்பு. வரலாற்றுச் சிறப்புள்ள அந்தப் பலகையை எக்காரணம் கொண்டும் அறுக்கக் கூடாதாம். அவர்கள் எழுதியதில் எனக்கு முழுச் சம்மதம்.

இதற்குள் நோக்ஸுக்கு ஏதோ வாடை வந்து, உங்களுக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். உங்கள் ஆட்கள் கோடாலியோடு வந்தார்கள், இன்ஸ்பெக்டர். மூன்றே வீச்சில் பலகை சிம்பு சிம்பாகப் போனது. இந்த விவகாரம் முழுவதிலும் நான் அழுதது அப்போது மட்டும்தான். கோடாலிக்கு அவசியமே இல்லை. கணப்போரத்தில் செதுக்கியிருக்கும் ரோஜாக்களில் மூன்றாவதைக் கட்டைவிரலால் அழுத்தினால் போதும், கதவு சத்தமில்லாமல் திறக்கும். வாராவாரம் நான்தான் எண்ணெய் போடுகிறேன்.

ஏன் சொல்லவில்லை என்கிறீர்கள். யாரும் என்னைக் கேட்கவில்லையே. திற, திற என்று பதினேழு நாள் கத்தினாரே தவிர, கதவு எப்படித் திறக்கும் என்று க்ரிஸ்பின் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இந்த வீட்டைப் பற்றி யாராவது அக்கறையாக விசாரித்தால், நான் என்றைக்கும் மறைத்ததே கிடையாது.